எழுதியவரே பாடும் மேடை

வெண்ணந்தூரில் பாட்டுக்குப் பஞ்சம் இல்லை. மாரியம்மன் நோம்பிக்கு மைக்செட் கட்டினால் விடியும்வரை பாடும். கல்யாண மண்டபத்தில் ஆர்கெஸ்ட்ரா இருக்கும். தறிப்பட்டறையில் ஷிப்டு முழுக்கச் செல்போன் பாடும், அதுவும் தறிச் சத்தத்தை மீறி. இத்தனை பாட்டிலும் ஒன்றை மட்டும் நம்மில் பெரும்பாலானோர் பார்த்திருக்க மாட்டோம். பாட்டை எழுதியவர், தான் கட்டிய மெட்டில், தானே நம் எதிரில் உட்கார்ந்து பாடுவதைத்தான் சொல்கிறேன். அவருக்குப் பின்னால் சினிமா கம்பெனியோ ஆடியோ கம்பெனியோ இருக்காது. கையில் ஒரு கிட்டார், எதிரில் நாற்பது ஐம்பது பேர், அவ்வளவுதான். சுயாதீனப் பாடகர் என்று பத்திரிகைகள் எழுதும் இவர்களைக் கேட்க வெண்ணந்தூரிலிருந்து எப்படிப் போவது, போன இடத்தில் எப்படிக் கேட்பது, பிறகு அவரை நம் ஊருக்கே எப்படி வரவழைப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டு நமக்கு மனப்பாடமான பிறகுதான் மேடையில் கேட்கக் கிடைக்கிறது. பாடகர் ஒரு சொல்லை விழுங்கினாலும் நம் நினைவு அதை நிரப்பிவிடும். பெயர் தெரியாத பாடகரின் பாட்டுக்கு அந்த வசதி கிடையாது. அன்றைக்குத்தான் அந்தச் சொற்களை முதன்முறையாகக் கேட்கிறோம். ஒரு வரியைத் தவறவிட்டால் பாட்டின் பாதி போய்விடும். எங்கே உட்காருவது, எப்போது போவது, எந்த ஸ்பீக்கர் கட்டுவது என்று கீழே வரும் யோசனைகள் எல்லாமே சொல் காதில் விழ வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான்.

யாரைத் தேடுவது

தமிழில் இப்படிப் பாடுபவர்களில் முதலில் கேட்கச் சொல்வது கபேர் வாசுகியை. சென்னைக்காரர். எழுதுவதும் மெட்டமைப்பதும் பாடுவதும் அவரே. ‘அழகு புரட்சி’ என்ற பாடல் தொகுப்பு அவருடையது. இசைக்கலைஞர் டென்மாவுடன் சேர்ந்து ‘குரங்கன்’ என்ற குழுவாகவும் பாடியிருக்கிறார். 2017 ஜனவரியில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடிய ‘சென்னைப் பொறம்போக்குப் பாடல்’ பரவலாகப் பேசப்பட்டது நினைவிருக்கலாம். அதன் வரிகளை எழுதியவர் கபேர் வாசுகிதான். பாட்டு போன இடத்துக்கெல்லாம் எழுதியவர் பெயர் போய்ச் சேரவில்லை. பாட்டெழுதிகளுக்கு இது பழகிய கதை. அதனால்தான் எழுதியவரே பாடும் இடத்தைத் தேடிப் போவதில் எனக்கு இவ்வளவு ஆர்வம்.

டென்மா பிறகு வேறொரு பெரிய காரியத்தில் இறங்கினார். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்திய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில் நின்ற அந்தக் குழுவில் பலர் தாங்களே எழுதிப் பாடியவர்கள். அந்தக் குழு இன்று ஊரறிந்த பெயர். ஆனால் அதில் பாடியவர்கள் தனித்தனியாகச் சின்ன அறைகளில் பாடும் மாலைகள் இன்னமும் உண்டு. குழுவின் பெயரைப் பிடித்துக்கொண்டு அதன் ஆட்களைத் தேடுவது நல்ல வழி.

இதை நகரத்து இளைஞர்களின் புதுப் பழக்கம் என்று யாராவது ஒதுக்கினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கோபாலகிருஷ்ண பாரதி 19ஆம் நூற்றாண்டில் நந்தன் சரித்திரத்தைத் தானே இயற்றி, கதாகாலட்சேபமாகத் தானே ஊர் ஊராகப் பாடினார். இலங்கையில் நித்தி கனகரத்தினம் 1960களின் கடைசியில் கிட்டாரோடு எழுதிப் பாடிய ‘சின்ன மாமியே’ கடல் தாண்டித் தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளுக்குள்ளும் வந்தது. கே.ஏ. குணசேகரன் ‘தன்னானே’ குழுவோடு பறையும் பாட்டுமாக மேடை ஏறினார். 2016இல் அவர் மறையும்வரை பேராசிரியர் வேலையும் பாட்டும் கூடவே நடந்தன. நம் மாவட்டத்துக்கும் இதில் பங்குண்டு. நாமக்கல்லில் வாழும் பெருமாள்முருகன் எழுதிய கீர்த்தனைகளை டி.எம். கிருஷ்ணா கச்சேரிகளில் பாடுகிறார். அங்கே எழுதுபவர் ஒருவர், பாடுபவர் ஒருவர். இருந்தாலும் கொங்குப் பக்கத்துச் சொல் சபா மேடைக்குப் போன வழி அது, அதனால் சொல்லிவைக்கிறேன்.

தேட ஆரம்பிக்கும்போது ஒரே ஒருவரைப் பிடியுங்கள். பத்துப் பேரின் பாட்டை ஒவ்வொன்றாகக் கேட்டு அலைவதைவிட, ஒருவரின் எல்லாப் பாட்டையும் ஒரு வாரம் திரும்பத் திரும்பக் கேட்பது மேல். தறி ஓடும் நேரத்தில் வேண்டாம். இரவு படுக்கப் போகும்முன், காதில் ஹெட்செட் போட்டுக் கேளுங்கள். பிடித்த பாட்டின் வரிகளை ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். எழுதும்போதுதான் எந்தச் சொல் காதில் விழவில்லை என்று தெரியும். அந்த இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு நேரில் கேட்கப் போகலாம்.

தேதி தெரிந்துகொள்வதும் போய்ச் சேர்வதும்

இவர்களுடைய கச்சேரிக்குச் சுவரொட்டி ஒட்ட மாட்டார்கள். பெரும்பாலும் பாடகரே தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பத்து நாளைக்கு முன்னால்தான் அறிவிப்பார். சில சமயம் மூன்று நாள்தான் இருக்கும். ஆகவே இடத்தைப் பின்தொடர்வதில் பயனில்லை, ஆளைப் பின்தொடருங்கள். அந்தப் பாடகரோடு வயலினோ தபேலாவோ வாசிப்பவர் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடகர் சொல்ல மறந்த தேதியை வாசிப்பவர் சொல்லிவிடுவார்.

கவனித்துவர வேண்டிய விழாக்களும் இடங்களும் சில உண்டு. நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ அடுத்த ஆண்டு மதுரைக்கும் கோவைக்கும் போனது. கோவையில் நடந்தால் நமக்கு யோகம். சேலம் ஜங்ஷனிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குப்பத்தில் 2015இல் தொடங்கிய ‘ஊரூர் ஆல்காட் குப்பம் விழா’ சபாவுக்குள் நுழையாத கலைகளையும் சபாக் கலைகளையும் ஒரே மணலில் உட்காரவைத்துக் காட்டியது. பெசன்ட் நகர்க் கடற்கரைப் பக்கம் நடனக் கலைஞர் சந்திரலேகா உருவாக்கிய ‘ஸ்பேசஸ்’ என்ற இடமும் இப்படிப்பட்ட சிறு நிகழ்ச்சிகளுக்குப் பெயர் பெற்றது. பெங்களூரை மறந்துவிடாதீர்கள். சேலத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர்தான், சென்னையைவிடப் பக்கம். அங்கே தமிழில் பாடுபவர்களும் வருகிறார்கள்.

சென்னைக்குப் போக நமக்கு ஏற்ற வண்டி ஏற்காடு எக்ஸ்பிரஸ். வெண்ணந்தூரிலிருந்து அத்தனூர், மல்லூர் வழியாகச் சேலம் ஒரு மணி நேரம். ரயிலேறினால் சுமார் 335 கிலோமீட்டரைத் தூங்கியே கடந்துவிடலாம். அதன் அருமை திரும்பும்போதுதான் தெரியும். சின்னக் கச்சேரிகள் பெரும்பாலும் ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியும். சென்ட்ரலில் இரவு பதினோரு மணியை ஒட்டி வண்டி. நடுவில் பாடகரோடு நாலு வார்த்தை பேசி, சாப்பிட்டு, நிதானமாக ஸ்டேஷன் போகலாம். நேரத்தை மட்டும் அன்றன்றைக்குச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலை சேலத்தில் இறங்கி முதல் பஸ் பிடித்தால் காலை ஷிப்டுக்கு ஊரில் இருக்கலாம். பாடகருக்காக லாட்ஜ் எடுத்துத் தங்கிச் செலவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

தனியாகப் போகாதீர்கள். பயத்துக்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு பேர் கேட்டால் இரண்டு பேருக்கும் வேறு வேறு வரி ஞாபகம் இருக்கும், வரும் வழியில் அதைச் சேர்த்துப் பார்க்கலாம். பெண்கள் போவதென்றால் மூன்று நான்கு பேராகப் போய், நடத்துபவரிடம் முன்கூட்டியே பேசி, ஸ்டேஷனுக்குத் திரும்பும் ஏற்பாட்டைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ராத்திரி ஒன்பதரைக்கு முகம் தெரியாத தெருவில் ஆட்டோ தேட வேண்டியிருக்காது.

அறைக்குள்

அரை மணி முன்னால் போய்விடுங்கள். பெரிய கச்சேரியில் முன்வரிசை பெரிய மனிதர்களுக்கு. இங்கே முன்னால் வந்தவருக்கு. முன்னால் என்பதற்காக ஸ்பீக்கருக்கு நேர் எதிரில் உட்கார வேண்டாம். பாடகர் முகம் தெரியும்படி, பக்கவாட்டில், இரண்டாம் வரிசையில் உட்காருங்கள். உதட்டைப் பார்த்தால் பாதிச் சொல் புரியும். காது கொஞ்சம் மந்தமானவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். நம் ஊரில் அப்படிப்பட்டவர்கள் குறைவு இல்லை என்பதால் பின்னால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

பாட்டு நடக்கும்போது பேசக் கூடாது என்பது உலகம் முழுக்க இந்த வகைக் கச்சேரியின் முதல் சட்டம். அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் 1982இல் தொடங்கிய புளூபேர்ட் கஃபே தொண்ணூறு பேர் உட்காரும் சின்னக் கடை. பாட்டெழுதிகள் மூன்று நான்கு பேர் அறை நடுவில் வட்டமாக உட்கார்ந்து, சுற்றிலும் ஆட்கள் இருக்க, முறைவைத்துத் தங்கள் பாட்டைப் பாடுவார்கள். பேசினால் கடைக்காரர்களே வந்து அடக்குவார்கள். லண்டனில் 2009இல் ‘சோஃபார் சவுண்ட்ஸ்’ தொடங்கியதற்குக் காரணமே, ஒரு கச்சேரியில் ஆட்கள் பேசிக்கொண்டும் போனைப் பார்த்துக்கொண்டும் இருந்ததுதான். எரிச்சலடைந்த நண்பர்கள் அடுத்த கச்சேரியை ஒரு வீட்டு முன்னறையில் வைத்துவிட்டார்கள். பிறகு அது பல நாட்டு நகரங்களுக்குப் பரவியது.

நமக்கு இந்தச் சட்டம் இறக்குமதி இல்லை. சேலம், நாமக்கல் பக்கக் கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராத்திரி தொடங்கினால் விடிந்துதான் முடியும். கர்ணன் சாகும் நேரத்தில் கூட்டத்தில் குழந்தை அழுதால் தாய் எழுந்து வெளியே போய்விடுவாள். ஆனால் கூத்தில் இருக்கும் இன்னொரு வழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. ஆட்டத்தை நிறுத்தி, ‘இன்னார் அன்பளிப்பு இத்தனை ரூபாய்’ என்று மைக்கில் சொல்வதைச் சொல்கிறேன். கூத்துக்கு அது பொருந்தும், அங்கே கதை எல்லோருக்கும் தெரியும், விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். புதுப்பாட்டில் நடுவில் வெட்டினால் மறுபடி ஒட்டாது.

‘இளையராஜா பாட்டு ஒண்ணு பாடுங்க’ என்று கேட்காதீர்கள். பாடகர் மறுக்க மாட்டார், கூச்சப்பட்டுக்கொண்டு பாடிவிடுவார். அந்த நாலு நிமிடத்தில் அவருடைய ஒரு பாட்டு நமக்குக் கிடைக்காமல் போகும். அதற்காகவா ராத்திரி ரயிலில் வந்தோம்? அவருடைய பாட்டில் ஒன்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். முகம் மலர்ந்துவிடும். ஒரு வாரம் ஒருவரையே கேட்டுவிட்டுப் போகச் சொன்னது இதற்கும்தான்.

வீடியோ எடுப்பதானால் முதலிலேயே அனுமதி கேளுங்கள். இவர்களில் பலர் இன்னும் வெளியிடாத பாட்டை, வரி சரியாக வருகிறதா என்று பார்க்கவே இப்படிப்பட்ட அறையில் பாடிப் பார்ப்பார்கள். பாதி வெந்த பாட்டு இணையத்தில் ஏறிவிட்டால் அதைத் திருத்தும் உரிமை அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. சரி என்று சொன்னால் ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனைப் பையில் போட்டுவிடுங்கள்.

முடிந்ததும் போய்ப் பேசுங்கள். இந்தக் கச்சேரிக்கே உரிய பேறு அது. வயதைப் பார்த்து அண்ணா, அக்கா, தம்பி என்று நம் வழக்கப்படியே கூப்பிடலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ‘நல்லா இருந்துதுங்க’ என்பதோடு நிறுத்தாமல், எந்த இடம் என்று சொல்லுங்கள். ‘ரெண்டாவது பாட்டுல அந்தக் கிணறு வர்ற எடம் எனக்குச் சரியா வெளங்கலீங்க, மறுக்காச் சொல்றீங்களா?’ என்று கேட்டால் அவர் மகிழ்வார். தன் சொல் எங்கே போய்ச் சேர்ந்தது, எங்கே வழியில் விழுந்துவிட்டது என்று தெரிந்துகொள்ள எழுதுபவருக்கு வேறு வாய்ப்பு கிடையாது.

காசு

நுழைவுக் கட்டணம் இருந்தால் பேரம் பேசாமல் கொடுங்கள். ‘விரும்பியதைக் கொடுக்கலாம்’ என்று டப்பாவோ கியூஆர் அட்டையோ வைத்திருந்தால், பஸ், ரயிலுக்கு எவ்வளவு செலவழித்தோமோ அதில் பாதியாவது போடுவது நியாயம் என்பது என் கணக்கு. ஸ்ட்ரீமிங்கில் ஒருமுறை கேட்டால் பாடகருக்குப் போவது பைசாக் கணக்கு. ஆயிரம் பேர் கேட்டாலும் கிட்டார் கம்பி வாங்கும் காசு தேறினால் பெரிது. பாட்டை விலை கொடுத்து வாங்க வழியிருந்தால் வாங்குங்கள். 2008இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் தளம் பாட்டு விற்பனையில் 15 சதவீதத்தையும் பணப் பரிமாற்றச் செலவையும் எடுத்துக்கொண்டு மீதியைப் பாடகருக்கே தருகிறது.

வெண்ணந்தூருக்கே வரவழைப்பது

இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகவும் வேண்டிய பகுதி இது. நாற்பது பேர் கேட்டால் போதும் என்று ஒருவர் பாடுகிறார் என்றால், அந்த நாற்பது பேர் நம் ஊரில் இல்லையா? இதை நடத்திக்காட்டிய முன்மாதிரி பக்கத்திலேயே இருக்கிறது. மேட்டூர் வட்டம் ஏர்வாடி என்ற சிற்றூரிலிருந்து எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன் ‘மணல்வீடு’ இதழை நடத்துகிறார். களரி அமைப்பின் வழியாகக் கூத்து, பொம்மலாட்டக் கலைஞர்களை அழைத்து விழா எடுக்கிறார். வெளியூர் எழுத்தாளர்கள் அந்தக் கிராமத்தைத் தேடி வந்து விடிய விடியக் கூத்துப் பார்க்கிறார்கள். ஆட்கள் ஊருக்கு வருவது ஊரின் அளவைப் பொறுத்தது அல்ல, கூப்பிடுபவரைப் பொறுத்தது.

முதலில் நாளைப் பாருங்கள். கல்யாண மண்டபம் வேண்டுமென்றால் ஆடியும் மார்கழியும்தான் காலி. ஆடியில் ஊரெல்லாம் கூழ் ஊற்றும் மைக்செட் சத்தம். மார்கழியில் ஒலிபெருக்கி விடியற்காலையோடு ஓய்ந்துவிடும், சாயங்காலம் நமக்கு. முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் வாடகையும் பேசிக் குறைக்கலாம். ஆனால் அறுபது பேருக்கு ஆயிரம் பேர் மண்டபம் எதற்கு? சாப்பாட்டுக் கூடத்தை மட்டும் கேளுங்கள், அதுவும் பெரிதாகத்தான் இருக்கும். மொட்டை மாடி மார்கழிப் பனிக்கு ஆகாது. ஈரத்தில் கிட்டார் சுதி கலையும், பாடுபவர் தொண்டையும் கட்டும்.

என் விருப்பம் தறிப்பட்டறை. ஓடாத நாளில் அதைப்போல் நல்ல அறை கிடையாது. நூல் கோன்களும் துணி மடிப்புகளும் எதிரொலியை வாங்கிக்கொள்ளும், மண்டபத்தில் கேட்கும் இரைச்சல் அங்கே இருக்காது. ஒரே ஆபத்து பஞ்சுத் தூசி. பழகிய நமக்குத் தெரியாது. வெளியூரிலிருந்து வந்து இரண்டு மணி நேரம் பாடுபவருக்குத் தொண்டை அடைத்துவிடும். முதல் நாளே ஒட்டடை அடித்து, பெருக்கி, தண்ணீர் தெளித்து, கதவைத் திறந்துவைத்து விடுங்கள். அன்று காலையில் பெருக்கக் கூடாது, கிளம்பிய தூசி சாயங்காலம்வரை அடங்காது. தரையில் பவானி ஜமக்காளம் விரித்தால் உட்காரவும் ஆயிற்று, சத்தம் தரையில் பட்டுத் திரும்பாமலும் ஆயிற்று.

பக்கத்துப் பட்டறை ஓடினால்? பாட்டுக்காகத் தறியை நிறுத்தச் சொல்லிக் கேட்காதீர்கள். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு இரண்டு மணி நேரம் என்பது அந்த வாரச் சம்பளத்தில் விழும் ஓட்டை. தெருவில் எந்த நாள், எந்த வேளை தறிகள் நிற்கின்றன என்று விசாரித்து, அந்த வேளைக்குக் கச்சேரியை வையுங்கள். பாடகருடைய ரயிலை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். நிறுத்தியவர் வருத்தத்தோடு வாசலில் நிற்பதைவிட, ஓய்வில் இருப்பவர் உள்ளே வந்து உட்காருவதுதான் நமக்கு வேண்டும்.

அவர் வந்து உட்கார்ந்தால், அவருக்குப் பாட்டு புரிய வேண்டும். தறிச் சத்தத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்களின் காது ஒரே சீராகக் கெடுவதில்லை. முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும் கூர்மையான ஒலிகள். ச, த, க, ட போன்ற வல்லின எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அந்தக் கூர்மைதான். அதனால் பாட்டின் ராகம் நன்றாகவே கேட்கும், சொல் மட்டும் மழுங்கிவிடும். ‘பாட்டு நல்லாத்தான் இருக்கு, என்ன பாடறாருன்னுதான் வெளங்கல’ என்று ஒரு பெரியவர் சொன்னால் அது ரசனைக் குறைவு அல்ல, அவர் உழைத்த உழைப்பின் விளைவு. சத்தத்தைக் கூட்டினால் இது சரியாகாது, இன்னும் கெடும்.

இதற்கு நான் சொல்லும் வழி, வரிகளை அச்சடித்துக் கொடுப்பது. பாடகரிடம் அனுமதி பெற்று, அன்று பாடப்போகும் பாடல்களைப் பெரிய எழுத்தில், 16 புள்ளி அளவுக்குக் குறையாமல், ஒரு தாளின் இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து எல்லோர் கையிலும் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர் பக்கத்தில் படிக்கத் தெரிந்த பிள்ளையை உட்காரவையுங்கள். கேட்கும்போது கண்ணும் கூட ஓடினால் மழுங்கிய காது தானே மீதியை நிரப்பிக்கொள்ளும். வெளியிடாத பாட்டு என்றால் தாளை முடிவில் திரும்ப வாங்கிவிடுவதாகச் சொல்லுங்கள், பாடகர் மறுக்க மாட்டார்.

சவுண்ட் சர்வீஸ்காரரிடம் பேசுவதில் நேரம் செலவழியுங்கள். கோயில் விழாவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் கட்டிப் பழகியவர், குழாய் ஸ்பீக்கரோடும் எக்கோவோடும் வருவார். நமக்கு வேண்டியது இரண்டு சின்ன பாக்ஸ், பாட்டுக்கு ஒரு மைக், கிட்டாரை நேரே செருக ஒரு டி.ஐ. பாக்ஸ், கிட்டாரில் செருகும் வசதி இல்லையென்றால் இன்னொரு மைக். பாக்ஸ் இரண்டையும் பாடகருக்கு முன்னால், காது உயரத்தில் வையுங்கள். பின்னால் வைத்தால் ஹவுலிங் அடிக்கும். ‘அண்ணா, எக்கோ வேண்டாங்க. பேசற மாதிரி தெளிவாக் கேட்டாப் போதுங்க’ என்று சொன்னால் புரிந்துகொள்வார். பாடகரையும் அவரையும் ஒரு மணி நேரம் முன்னால் சேர்த்துவிடுங்கள். முப்பது பேருக்குக் குறைவாக இருந்தால் மைக்கே வேண்டாம்.

காவல் நிலையத்தில் ஒலிபெருக்கிக்கு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல், இரவு 45. இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்தால் இதில் எதுவும் தொல்லையில்லை, பெண்களும் நேரத்தோடு வீடு திரும்பலாம். பாட்டெழுதிகளுக்கும் மெட்டமைப்பவர்களுக்கும் உரிமைத்தொகை வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் பாடகர் உறுப்பினரா என்று கேளுங்கள். உறுப்பினர் என்றால் தன் பாட்டைத் தானே பாடினாலும் நடத்துபவருக்கு உரிமம் தேவைப்படலாம், என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

தலைமை, முன்னிலை, வரவேற்புரை எதுவும் வேண்டாம். இதில் கண்டிப்பாக இருங்கள். ஒருவரை மேடையேற்றினால் மற்றவர் கோபித்துக்கொள்வார், பாட்டுக்கு மிஞ்சுவது அரை மணி நேரம்தான். நடத்துபவர் எழுந்து பாடகர் பெயரையும் ஊரையும் சொல்லி உட்கார்ந்துவிடட்டும். பொன்னாடைக்குப் பதில் நம் தெருவில் நெய்த துண்டு ஒன்றைக் கடைசியில், நெய்தவர் கையாலேயே கொடுங்கள்.

பணக் கணக்கு எளிது. அறுபது பேர், ஆளுக்கு 200 ரூபாய் என்றால் 12,000 ரூபாய். மைக்செட், ஜெராக்ஸ், டீ, பாடகருக்கு ரயில் டிக்கெட், சாப்பாடு போக மீதி முழுவதும் பாடகருக்கு. குறைந்தபட்சம் இவ்வளவு தருவோம் என்று முன்பே சொல்லி, கூட்டம் குறைந்தாலும் அதைக் கொடுங்கள். அதற்காகக் கூப்பிடும் நான்கைந்து பேர் முதலிலேயே தலைக்கு இவ்வளவு என்று போட்டு வைத்துக்கொள்வது பத்திரம். டிக்கெட் வாங்க முடியாதவர்களுக்குக் கதவைத் திறந்துவையுங்கள், முடிவில் துண்டு ஏந்துங்கள். பாடகரை ஒருவர் வீட்டில் தங்கவைப்பதானால் தனி அறையும் சுடுதண்ணீரும் கொடுத்து, கச்சேரிக்கு முன் இரண்டு மணி நேரம் யாரும் செல்பி கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு பாட்டுக்குப் பிறகுதான். முன்னால் டீயும் அத்தனூரைத் தாண்டிப் போகாமல் கிடைக்கும் பழமும் போதும். ஆட்டையாம்பட்டி முறுக்கு தொண்டைக்கு ஆகாது, அதை ஊருக்குக் கிளம்பும்போது பையில் வைத்துக் கொடுக்கலாம்.

கச்சேரி முடிந்த மறுநாளே செய்ய வேண்டியவை இரண்டு. வந்தவர்களின் பெயரையும் போன் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை சுவரொட்டி தேவைப்படாது. ராசிபுரம், மல்லசமுத்திரம், ஆட்டையாம்பட்டி ஆட்களிடம் பேசி, அடுத்த முறை வரும் பாடகரை மறுநாள் அங்கேயும் பாடவைக்க முடியுமா என்று பாருங்கள். ஒரே ரயில் செலவில் இரண்டு கச்சேரி நடந்தால் பாடகருக்கும் கட்டுப்படியாகும், இரண்டு ஊருக்கும் செலவு பாதியாகும். அடுத்த மார்கழிக்கு என்றால் ஆவணியிலேயே பேச ஆரம்பித்துவிடுங்கள், டிசம்பரில் சென்னையும் இந்தப் பாடகர்களைக் கூப்பிடும்.